வெட்டி எறிந்த பத்து நிமிடம்



இன்று நாம் பார்க்கப்போவது சாம் பெக்கின்பாவின் 'தி வைல்ட் பன்ச்'. 1969-இல் வந்த படம். கதை நடப்பது 1913-இல், மெக்சிகோப் புரட்சிக் காலத்தில். பைக் பிஷப் என்ற வயதேறிய கொள்ளைக்காரன், தன் ஆட்களோடு மாபாச்சே என்கிற கொடிய தளபதியிடம் கூலிக்கு அமர்கிறான். அமெரிக்க ராணுவ ரயிலிலிருந்து 16 பெட்டித் துப்பாக்கிகளைத் திருடித் தரவேண்டும். கூலி 10,000 டாலர் தங்கம்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, இயக்குநரின் சம்மதமில்லாமல், ஏறக்குறைய பத்து நிமிடத்தைக் கத்தரித்தார்கள். வன்முறையைக் குறைக்க அல்ல, நண்பர்களே! பைக்கின் பழைய நாட்களையும் வெட்டிவிட்டார்கள். 1995-இல் அவை சேர்ந்து 145 நிமிடப் படமாக அமெரிக்க அரங்குகளுக்குத் திரும்பியபோது, பார்க்க பெக்கின்பா இல்லை. 1984-லேயே போய்விட்டார்.

வெட்டிய பிரதியில் பைக் யார்? ஒருவனோடு சேர்ந்துவிட்டால் கடைசிவரை அவனோடு நிற்கவேண்டும், இல்லையென்றால் நாம் மிருகம் என்று தன் ஆட்களை அதட்டுகிற தலைவன். கொள்ளைக்காரன்தான், ஆனால் கொள்கைக்காரன் என்று நம் மனம் அவனுக்குச் சிம்மாசனம் போட்டுவிடுகிறது.

முழுப் பிரதியைப் பாருங்கள். அந்த வீர உரை முடிந்து சற்று நேரத்தில், கும்பலைச் சேர்ந்த கிழவன் சைக்ஸ் குதிரையை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் வருகிறான். நன்றாகப் பேசினாய் என்று மெச்சுகிறான். பிறகு மெல்லக் கேட்கிறான்: ரயில்வே அலுவலகக் கொள்ளையில் என் பையன் எப்படி நடந்துகொண்டான்? பைக்குக்குப் புரியவில்லை. யார் உன் பையன்? கிரேசி லீ, என் மகள் வயிற்றுப் பிள்ளை! படத்தின் தொடக்கத்தில் வரும் அந்தக் கொள்ளையில் பிணைக்கைதிகளைக் காவல் காக்கச் சொல்லி, பைக் விட்டுவிட்டு வந்த அதே இளைஞன். அங்கேயே செத்தவன். பைக் என்ன சொல்வான்? நன்றாகச் செய்தான் என்கிறான். பைக்காக நடிக்கும் வில்லியம் ஹோல்டனின் முகத்தை அப்போது பாருங்கள். உபதேசித்த வாய்க்கு உடனே வந்த தண்டனை அது. இந்தக் காட்சியையா தேவையில்லை என்று எறிந்தார்கள்?

இன்னொன்று, தார்ன்டன். ரயில்வேக்காரர்களுக்காக பைக்கை வேட்டையாடுகிறவன், ஒருகாலத்து நண்பன். வெட்டப்பட்ட நினைவுக் காட்சியில், விலைமாதர் விடுதியில் இருவரும் இருக்கையில் கதவு தட்டப்படுகிறது. ஆபத்து இல்லை, எனக்குத் தெரியும் என்று பைக் அப்போதுதான் சொல்லியிருக்கிறான். தார்ன்டன் குண்டடிபட்டுச் சிறைக்குப் போகிறான். பைக் தப்பி ஓடுகிறான். வேறொரு நினைவில், ஆரோரா என்ற பெண்ணும் அவனது அசட்டையால்தான் சாகிறாள். அவன் நொண்டுவதும் அவள் செத்த அன்று பட்ட காயத்தால்தான்.

அப்படியானால் அந்த உரை கொள்கை அல்ல, கடன். அதை அவன் ஒருமுறைகூட அடைத்ததில்லை. கும்பலில் உள்ள ஏஞ்சல் என்ற இளைஞன், தன் மக்களுக்காக ஒரு பெட்டித் துப்பாக்கியை ஒதுக்கியதால் மாபாச்சேயிடம் சிக்கி வதைபடும்போதும், பைக் முதலில் குடிக்கத்தான் போகிறான். மறுநாள் பைக்கும் அவன் ஆட்கள் மூவரும் ஏஞ்சலைக் கேட்டு நடக்கிறார்களே, வெட்டிய பிரதியில் அது வீரம். முழுப் பிரதியில், லீக்கும் தார்ன்டனுக்கும் சேர்த்து அவன் செலுத்துகிற வட்டி. கூலிக்காரன் முதல்முறையாகக் கூலியில்லாமல் ஒரு வேலைக்குப் போகிறான். இந்த பைக் என்னைக் கலக்குகிறான். நான் நேசிப்பதும் இவனைத்தான்.

ஒரு கேள்வியை உங்களிடம் விடுகிறேன். கைவிடப்பட்ட தார்ன்டனே, தன்னோடு வரும் கூலிப்படையைத் திட்டி, பைக்கோடு இருந்திருக்கலாமே என்று ஏங்குகிறான். ஏன்? படம் முடிந்ததும் யாரும் கிளம்பிவிட வேண்டாம், பேசுவோம்.