மனு பார்க்கப் போன பிள்ளைகள்

(நம் மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் ஓர் அக்காவும் இரண்டு தம்பிகளும் சேர்ந்து எழுதி, மூத்தவர் வாசித்த உரை)



வாசிப்பது ஒருவர் என்றாலும் எழுதியது மூவரும். ஆகவே இதில் வரும் 'நாங்கள்' மூன்று பேர். எங்கள் பெயர்களைச் சொல்லாமலே பேச அனுமதி கேட்டோம். செயலாளர் அம்மா உடனே சரி என்றார்கள். காரணம் பின்னால் வரும்.

நாங்கள் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா துறைமுகத்துக்கு வெளியே லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்தார். 1996ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, கூலியைப் பங்கு பிரிப்பதில் அவருக்கும் கூட வேலை செய்த இன்னொருவருக்கும் சண்டை. இருவரும் குடித்திருந்தார்கள். அப்பா கையில் மூட்டை இழுக்கும் கொக்கி இருந்தது. அந்த மனிதர் விடிவதற்குள் இறந்துபோனார். இதை நாங்கள் மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை. எங்கள் அப்பா ஒரு மனிதரைக் கொன்றார். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளே இருந்தார். அப்போது எங்களில் மூத்தவளுக்கு வயது பதினொன்று, நடுப் பிள்ளைக்கு எட்டு, கடைசிப் பிள்ளைக்கு இரண்டு.

அம்மா மூத்தவளைக் கூப்பிட்டு, "யாராவது கேட்டா, அப்பா கப்பல் வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லணும், தெரிதா?" என்றார். இந்தப் பக்கத்தில் அது நம்பக்கூடிய பொய். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கப்பலுக்குப் போன அப்பாக்கள் உண்டு. எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை, ஏனென்றால் போலீஸ் வண்டி வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நம்பியது எங்கள் கடைசித் தம்பி மட்டும்தான். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கடலைப் பார்த்தால், துறைமுகத்துக்குள் நுழைய முறை வருவதற்காகத் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். அவன் பாறைக்கல்லின்மேல் நின்று ஒவ்வொரு கப்பலுக்கும் கையாட்டுவான். ஒரு கப்பல் துறைமுகம் போய்விட்டால் அடுத்ததற்கு ஆட்டுவான். மூத்த பிள்ளைகள் நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். பொய்யைக் கட்டிக் காக்கும் வேலை பெரியவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அந்த வயதிலேயே கற்றுக்கொண்டோம்.

சிறையில் இருப்பவரைப் பார்ப்பதற்கு 'மனு பார்ப்பது' என்று பெயர். பதினைந்து நாளைக்கு ஒரு முறை அம்மா மூத்த பிள்ளைகள் இருவரையும் மாற்றி மாற்றி அழைத்துப் போவார். திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறினால் தண்டையார்ப்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ், அடுத்து சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் நிலையம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் 1837இல் கட்டிய மத்தியச் சிறை. கையில் பிஸ்கட், வாழைப்பழம், ஒரு சோப்பு. பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை. ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுவதால் எல்லோரும் கத்துவார்கள். "நல்லா படிக்கிறியா?" என்பதைக்கூட அப்பா கத்தித்தான் கேட்க வேண்டும். நாங்களும் கத்தித்தான் "உம்" சொல்ல வேண்டும். மெல்லச் சொல்ல வேண்டிய எதையும் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் அப்பாவிடம் சொன்னதில்லை.

மனு வேலை நாளில்தான் வரும். அதனால் அன்று பள்ளிக்கு விடுப்பு. மறுநாள் காய்ச்சல் என்று கடிதம். ராங்க் கார்டில் தகப்பனார் கையொப்பம் கேட்கும் இடத்தில் அம்மா தன் பெயரை எழுதுவார், எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு. பையன்கள் சண்டை வந்தால் "உங்கப்பன் களி தின்னப் போனவன்தானே" என்பார்கள். அதற்கு என்ன பதில் இருக்கிறது? உண்மைதானே.

இந்த மருத்துவமனை எங்கள் வாழ்வில் வந்தது ஒரு வயிற்று வலியால். நடுத் தம்பிக்கு அடிக்கடி தாங்க முடியாத வயிற்று வலி. 1997இல் அம்மா அவனை இங்கே கொண்டுவந்தார். ரத்தம், மலம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள். மறுபடி வலி. மூன்றாம் முறை வந்தபோது, வெளிநோயாளிப் பிரிவில் இருந்த வயதான சிஸ்டர் ஒருவர் பழைய சீட்டுகளை எடுத்துத் தேதிகளைப் பார்த்தார். மூன்றும் ஏறக்குறைய பதினைந்து நாள் இடைவெளி.

"அப்பா எங்கப்பா?" என்று கேட்டார்.

"கப்பல்ல கீறாரு, சிஸ்டர்."

"எந்தக் கப்பல்?"

தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தார். சிஸ்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவனை மேசையிலிருந்து இறக்கிவிட்டு, "கப்பல் வரும்வரைக்கும் நீ இங்க வந்து வலிக்குதுன்னு சொல்லலாம், நாங்க திட்ட மாட்டோம்" என்றார். அன்றைக்கு எந்த மருந்தும் எழுதவில்லை. வலி ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொன்னால் அது சாட்சிக் கூட்டத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை. இரண்டு வருஷம் விட்டுவிட்டு வந்தது. வரும்போது எங்கே போவது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அம்மாவுக்கு இங்கே வார்டில் ஆயா வேலை கிடைத்தது. எங்கள் பள்ளிக் கட்டணத்தை உங்கள் காணிக்கையிலிருந்து கட்டினார்கள்.

பொய் உடைந்த நாள் 1999 நவம்பர் 17, புதன்கிழமை. வடசென்னையில் அறியப்பட்ட 'பாக்ஸர்' வடிவேலு என்ற கைதி இறந்த செய்தி பரவியதும் மத்தியச் சிறையில் கலவரம் மூண்டது. துணை ஜெயிலர் ஜெயக்குமாரை எரித்துக் கொன்றார்கள். போலீசார் சுட்டதில் கைதிகள் பலர் மாண்டார்கள். நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் வந்தது. அம்மா வாசலிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். ஐந்து வயதுத் தம்பி திரையில் புகையைப் பார்த்து, "அப்பா கப்பல்ல தீ பிடிச்சிடுச்சா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று மறுநாள்தான் தெரிந்தது. அந்த இரவில் எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று சொல்லப்போவதில்லை. சிறைக் காவலர்களின் வீட்டிலும் அன்று பிள்ளைகள் எங்களைப் போலத்தான் விழித்திருப்பார்கள் என்பதைப் பெரியவர்களான பிறகுதான் நினைத்துப் பார்த்தோம்.

அதற்கடுத்த வாரம் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். கடைசித் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா முன்னிலையில், அவனுக்குப் புரிகிற சொற்களில் உள்ளதைச் சொன்னார். அவன் அழவில்லை. "அப்ப நான் கையாட்டுனது யாருக்கு?" என்று மட்டும் கேட்டான். சின்னப் பிள்ளைகளிடம் மறைப்பது அவர்களுக்கு நல்லது என்று நினைக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். அம்மாவும் அன்பினால்தான் மறைத்தார். ஆனால் எங்கள் அனுபவத்தில், சிறையைவிட அதிகமாக எங்களை வருத்தியது அந்தக் கப்பல்தான்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதில் காவலில் இருப்பவரைப் பார்க்கப் போவது பற்றி இருக்கிறது. சிறை வாசலில் பழப்பையோடு நிற்கும் பிள்ளைகளைப் பற்றி இல்லை. வேதத்தைக் குறை சொல்லவில்லை. யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறோம். மத்திய அரசின் சிறைப் புள்ளிவிவர அறிக்கையின்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 5,73,000 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். தாயோடு சிறைக்குள் வாழ்ந்த குழந்தைகள் 1,764 பேர் என்றும் அந்த அறிக்கை எண்ணிச் சொல்கிறது. இவர்களுக்காவது 2006இல் உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. ஆறு வயதுவரை தாயோடு இருக்கலாம், உணவும் மருத்துவமும் படிப்பும் தர வேண்டும் என்று. வெளியே வளரும் எங்களைப் போன்றவர்களுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. வடசென்னையில் இவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் விசாரணையின்றியே ஓராண்டுவரை அடைத்து வைக்கலாம். ஓராண்டு என்றால் பிள்ளைக்கு ஒரு வகுப்பு.

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் இது நேர்ந்தது. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அருகே பிடிபட்ட 'சீமேன் கார்ட் ஓஹையோ' கப்பலில் இருந்த 35 பேரில் ஆறு பேர் பிரிட்டிஷார், பதினான்கு பேர் எஸ்டோனியர். 2016இல் ஐந்தாண்டு தண்டனை பெற்று நம் புழல் சிறையிலும் இருந்தார்கள். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்கள் வீட்டாருக்குக் கடலோடிகளிடையே பணி செய்யும் 'மிஷன் டு சீஃபேரர்ஸ்' அமைப்பு பண உதவி செய்தது. எங்கள் நடுத் தம்பி அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "அந்தப் பசங்க மட்டும் அப்பா கப்பல்லதான் போனாருன்னு பொய்யில்லாம சொல்லியிருப்பாங்க" என்றான்.

2006இல் சிறை புழலுக்கு மாறியது. ரயில் போய், மூலக்கடையில் பேருந்து மாறிப் போகும் பயணம் வந்தது. அதற்குள் மூத்தவளுக்கு ஒரு வரன் கைகூடி வந்து, தகப்பனார் தொழில் என்ன என்ற கேள்வியில் நின்றது. அதை இத்தோடு விடுகிறோம். ஒவ்வொரு செப்டம்பரிலும், அண்ணா பிறந்த நாளுக்கு விடுதலை உண்டா என்று காத்திருப்பது ஆயுள் கைதி வீடுகளின் வழக்கம். 2008 செப்டம்பர் 15, அண்ணா நூற்றாண்டை ஒட்டி 1,405 ஆயுள் கைதிகளை அரசு விடுவித்தது. அதில் அப்பாவும் ஒருவர்.

அவர் வீட்டுக்கு வந்தது கதையின் முடிவு என்று நினைத்திருந்தோம். விளக்கை அணைத்தால் அவருக்குத் தூக்கம் வராது. சாப்பாட்டு நேரம் தவறினால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார். வெளியே போக எங்களிடம் அனுமதி கேட்பார். பதினான்கு வயதுக் கடைசித் தம்பி அவரை ஒரு வருஷம் "வாங்க, போங்க" என்று மட்டும் அழைத்தான். அவனைக் குறை சொல்ல முடியுமா? அவனுக்கு அவர் கம்பி வலைக்கு அந்தப் பக்கத்துக் குரல்தான். 2009இல் பழைய மத்தியச் சிறையை இடிப்பதற்கு முன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். நேதாஜி இருந்த இடம், அண்ணா இருந்த இடம் என்று ஜனங்கள் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். நாங்களும் போனோம். அப்பா வரவில்லை. கடைசித் தம்பி மனு பார்க்கும் இடத்தில் முதன்முறையாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, எங்களைப் பார்த்தான். திரும்பும்போது ரயிலில், "அங்கேருந்து பார்த்தா நம்ம முகமே சரியா தெரியலக்கா" என்றான். அன்று இரவு அப்பாவுக்கு அவன்தான் சோறு போட்டான். இப்போது அந்த இடத்தில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது.

இனி, இவ்வளவு நேரம் தள்ளிப்போட்ட விஷயம். இறந்தவருக்கும் ஒரு வீடு இருந்தது. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு மகள், ஒரு மகன். மகள் எங்கள் மூத்தவளின் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை இருவரும் ஒரே அறையில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் படித்தார்கள். எங்களுக்காவது பதினைந்து நாளைக்கு ஒரு முறை கத்திப் பேச ஓர் அப்பா இருந்தார்.

அம்மா ஓய்வு பெற்ற பிறகு சிஸ்டர் ஒரு நாள் சொன்னார்: அந்த வருஷங்களில் உங்கள் காணிக்கைக் கணக்கிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கட்டணம் கட்டப்பட்டது. இரண்டு வீட்டுக்கும் அது தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். நன்கொடையாளர் சிலர், கொலைகாரன் பிள்ளைகளுக்கு எதற்கு என்று எழுதியதும் உண்டாம். அந்தக் கேள்வி நியாயமானது. நாங்களே பலமுறை கேட்டிருக்கிறோம். எங்களை முதலில் வைத்து அவர்களை மறந்திருந்தால் அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாத பணம். கைதி உள்ளே உழைத்துப் பெறும் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு ஒதுக்கச் சட்டம் வேண்டும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறிய தொகைதான் வரும். ஆனாலும் அது யார் பணம் என்பது முக்கியம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். இன்றும் வெளிநோயாளிப் பிரிவுக்குக் காரணமில்லாத வயிற்று வலியோடு பிள்ளைகள் வருகிறார்கள். புழலுக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், பள்ளிக் கட்டணம், பேசுவதற்குப் பொறுமையுள்ள ஒரு சமூகப் பணியாளரின் சம்பளம், இந்த மூன்றுக்கும் ஒரு தனிக் கணக்கு இருக்கட்டும். அதில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் மறு வீட்டையும் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். முதல் தொகையை நாங்கள் மூவரும் இன்று அலுவலகத்தில் கட்டியிருக்கிறோம். எங்களில் ஒருவர் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ஒருவர் எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் காசிமேட்டில் வலைக் கடையில் கணக்கு எழுதுகிறார். பெரிய தொகை இல்லை.

அப்பா இன்று வருவதாகத்தான் இருந்தது. காலையில் சட்டை மாற்றிக்கொண்டு, பிறகு "நீங்க போயிட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

இந்த உரையை எழுதியதும் மூத்தவள் அந்த இரண்டாவது தெருவுக்குப் போய், வகுப்புத் தோழியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். பள்ளி விட்டபின் இருவரும் பேசியது அதுதான் முதல் முறை. அவள் வாசற்படியில் நின்றே முழுவதும் படித்தாள். எங்க அப்பா குடித்திருந்தார் என்பதை எடுக்க வேண்டாம், அது உண்மைதான் என்றாள். கூடவே, அவர் பெயரையும் உங்க அப்பா பெயரையும் மட்டும் மேடையில் சொல்லாதே என்றாள்.

நாங்கள் சொல்லவில்லை.