காற்று எறிந்த பூசணிக்காய்

அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில், 1986-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், சில நண்பர்கள் விளையாட்டாகத் தொடங்கிய பூசணிக்காய் எறியும் போட்டி, வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, கவண் பொறிகளோடு திருப்தியடையாமல், அழுத்தக் காற்றால் இயங்கும் மாபெரும் பீரங்கிகளைத் தம் கைகளாலேயே நிர்மாணித்துப் பரீட்சிக்கும் சாமானிய மனிதர்களின் உற்சவமாகவே ஆகிவிட்டது.

இந்தப் பீரங்கியின் தத்துவம் எளிது. இரும்புத் தொட்டியில் காற்றை ஏற்றி, நீண்ட குழாயின் அடியில் நாலைந்து கிலோ எடையுள்ள காயை வைத்து, இடையிலுள்ள வால்வைக் கணநேரத்தில் திறந்துவிட்டால், அடைபட்ட காற்று விரிந்து பாய்ந்து காயை உந்தித் தள்ளுகிறது. சாமர்த்தியமெல்லாம் அந்த வால்வில்தான் இருக்கிறது: அது மெதுவாகத் திறந்தால் வேகம் குன்றும், உந்துதல் அளவு மீறினாலோ, காய் குழாயைத் தாண்டுமுன்பே கூழாகிச் சிதறும். ஆகையால் தடித்த தோலுடைய ரகங்களையே தேடிப் பொறுக்குகிறார்கள்.

வீட்டில் சிறிய கருவி செய்து பார்க்கும் ஆர்வலர்களுள் சிலர், தண்ணீருக்கென்று செய்த பி.வி.சி. குழாயில் காற்றை அடைக்கிறார்கள். இது மகா அபாயம். நீரைப் போலன்றி, அழுத்தப்பட்ட காற்று பெரும் சக்தியைச் சேமித்து வைத்திருப்பதால், குழாய் விரிசல் கண்ட மாத்திரத்தில் அதன் சில்லுகள் கத்திபோல் பறக்கும்.

தக்க எஃகினால் சிரத்தையோடு செய்த 'பிக் டென் இஞ்ச்' என்னும் பீரங்கியோ, 2010-இல் யூட்டா மாநிலத்து மோவாப் நகரருகே ஒரு பூசணியை 5,545 அடி, அதாவது ஒரு மைலுக்கும் அப்பால், எறிந்து உலக சாதனை படைத்தது.