இலவசம் மட்டும் போதாது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சமூகத் தொழில்முனைவு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைத் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை, தேனி வரை போனால் போதும்.

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985-இல் தேனிக்கும் வந்தது. வசதியுள்ளவர் கட்டும் பணத்தில் இல்லாதவருக்கும் வைத்தியம் நடக்கும். ஆபரேஷன் முடிந்த தாத்தாக்கள் போட்டிருந்த சோடாப்புட்டிக் கண்ணாடி ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, எட்டாத விலை. 1992-இல் ஆரோலேப் மதுரையிலேயே அதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் விலை இறங்கியது.

இதெல்லாம் பலரும் சொல்வதுதான். நான் சொல்ல வந்தது வேறு.

முகாமில் பரிசோதனை இலவசம், ஆபரேஷனும் இலவசம். அப்படியிருந்தும், முகாம் நடந்த நம் பக்கத்துக் கிராமங்களில் கண் கோளாறு உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

ஏன் வரவில்லை? என் அப்பத்தா கண்ணில் பூ விழுந்து மூணு வருஷம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. "பாத்தது போதும்ப்பா, எனக்கெதுக்கு?" என்று சொல்லும். நிஜக் காரணம் வேறு. விடியுமுன்னே ஏலத்தோட்டத்து ஜீப்பைப் பிடித்தால்தான் அம்மாவுக்கு அன்றைய கூலி. அப்பத்தாவோடு கூடப் போனால் அது போச்சு. இந்தக் கணக்கு எந்த நோட்டீசிலும் இருக்காது.

அரவிந்த் இதை யோசித்துத்தான், ஆஸ்பத்திரியையே ஊர்ப்பக்கம் நகர்த்தியது. போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்கள் வந்தன. பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற நம் ஊர்ப் பெண்கள் பரிசோதிப்பார்கள். தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியோடு பேசுவார். நல்ல இணைய வசதி இல்லாத காலம் அது. பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெலும் சேர்ந்து, வெகுதூரம் எட்டும் வைஃபை அமைத்துக் கொடுத்தன. 2006-இல் ஐந்து மையங்கள் அப்படி இயங்கின. கண்ணாடி மாற்றுவதா, சொட்டு மருந்தா என்பது அங்கேயே முடிந்துவிடும். ஆபரேஷன் என்றால் மட்டும் தேனிக்கு. சிறு கட்டணம் உண்டு. மையம் தன் காலில் நிற்பது அந்தக் கட்டணத்தாலும் கண்ணாடி விற்பனையாலும்தான். இலவசம் என்றால் வராதவர்கள், காசு கொடுத்து வருகிறார்கள்! பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். அரை நாளில் வீடு திரும்பி வேலைக்குப் போய்விடலாம்.

எங்கள் அப்பத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் ஊருக்குப் போகும்போது, உங்கள் தெருவில் திண்ணையைவிட்டு இறங்காத பெரியவர்கள் யார் யார் என்று பாருங்கள். கூட்டிப் போக ஆள் இல்லையென்றால் நீங்களே போய்விட்டு வாருங்கள். பஸ் காசை நம் சங்கம் தரட்டும் என்று தலைவரிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.