பெயர் பொறிக்காத இசைத்தட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



சாக்ஸபோன் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் தோன்றுபவர் காலஞ்சென்ற கத்ரி கோபால்நாத் அவர்களே. 1994-இல் 'டூயட்' திரைப்படம் வந்த பின்னர் அக்கருவியின் ஓசை தமிழர் இல்லந்தோறும் ஒலித்தது. இன்று நான் கூற விழைவது அக்குடும்பத்தின் பருத்த உடன்பிறப்பாகிய பாரிடோன் சாக்ஸபோனைப் பற்றியும், அதனை வாசித்த ஆண்ட்ரூ 'மைக்' டெர்ரி என்னும் கறுப்பினக் கலைஞரைப் பற்றியுமாகும்.

அமெரிக்காவின் டிட்ராயிட் நகரில் 1959-இல் பெர்ரி கோர்டி என்பார் ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுவே மோட்டவுன். மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்த அவர், வண்டிகள் வரிசையில் நகர்ந்து உருப்பெறுதல் போலப் பாட்டுகளையும் உருவாக்கலாம் எனக் கண்டார். பெரிய மாளிகை ஒன்றுமில்லை, ஒரு வீடுதான். வாத்தியக்காரர்கள் 'பாம்புக் குழி' என்று அழைத்த சிறு கூடத்தில் பகலென்றும் இரவென்றும் பாராது பதிவு நடைபெற்றது. தொடக்க நாளில் பாட்டொன்றுக்குச் சில டாலர்களே கூலி.

1963-இல் மார்த்தாவும் வாண்டெல்லாஸ் குழுவினரும் பாடிய 'ஹீட் வேவ்', 1964-இல் சுப்ரீம்ஸ் பாடிய 'வேர் டிட் அவர் லவ் கோ', 1965-இல் ஃபோர் டாப்ஸ் பாடிய 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' ஆகிய மூன்றிலும் இடையே முழங்குவது டெர்ரியின் பாரிடோனே. பின்னிரண்டும் அமெரிக்காவில் முதலிடம் பெற்றன. தனி வாசிப்பென்றால் டெனர் சாக்ஸபோனை நாடுவதே அந்நாளைய வழக்கம். பாரிடோனோ பின்னால் நின்று அடித்தளம் தாங்கும் கருவி. அதனை முன்னே கொணர்ந்து, சில வினாடிக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி விலகிக்கொள்வது அவர் பாணி. ஒற்றைச் சீவாளியின் அந்தக் கரகரப்பில், என் செவிக்கு, பெரும் வித்துவத்தைவிட மனிதக் குரலே மிகுதியாகக் கேட்கிறது.

ஆயினும் தட்டின் மீது பாடகர் பெயருண்டு, இயற்றியவர் பெயருண்டு, ஊதியவர் பெயரில்லை. (நம் விழா மலர்களில் விளம்பரம் தந்தோர் பெயர் பெரிய எழுத்தில் வரும், திரை இழுத்தவர் பெயர் வராது, அது போலத்தான்.) 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பின் உறையில்தான் மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயர்களை முதன்முதலாக அச்சிட்டது. அதற்கு முன்னரே டெர்ரி வெளியேறி, இசையமைப்பு ஒழுங்கு செய்பவராகவும் தயாரிப்பாளராகவும் பிற நிறுவனங்களுக்கு உழைக்கத் தொடங்கிவிட்டார்.

அத்தட்டுகளிற் பல அன்று விலைபோகவில்லை. விந்தை என்னவெனில், கடல் கடந்து வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில், 1970-களில், உழைக்கும் இளைஞர்கள் அவ்வாறு கைவிடப்பட்ட தட்டுகளையே தேடித் தேடி வாங்கி, விடியுமட்டும் ஆடினார்கள். வட்டத்தாளின் சிற்றெழுத்துகளில் டெர்ரியின் பெயரைப் படித்தவர்களும் அவர்களே. 2008-இல் அவர் மறைந்தார்.

சுப்ரீம்ஸ் இசைத்தட்டை உடன் கொணர்ந்துள்ளேன். செயலாளர் இப்பொழுது அதனைச் சுழல விடுவார். பெண்களின் குரல் ஓய்ந்தவுடன் எழும் மூச்சைச் சற்றுச் செவிமடுக்க வேண்டுகிறேன்.