சரக்குக்கு வழி உண்டு, சுமக்கிறவனுக்கு?

(மல்லாங்கிணறில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வறண்ட காட்டிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் போய், முதுகில் பையை மாட்டிக்கொண்டு வீடுவீடாகச் சோறு கொடுக்கிற பயலுக நம்ம தெருவிலும் இருக்காங்க. அவங்களைப் பற்றி நகரத்து ஆட்கள் சொல்லுகிற புகார் ஒன்று உண்டு: கடைவாசலில் வண்டியைப் போட்டு ரோட்டை அடைக்கிறான்.

சரி, அவன் வேறு எங்கே நிற்பான்? ஆர்டருக்குக் காத்துக் கிடக்கிற நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. நிழல் கிடையாது. இந்த வேலைக்கு வந்த பெண்களுக்கு ஒதுங்க ஒரு கக்கூஸ் கிடையாது. பொதுத்தெருவையே கம்பெனி தன் வண்டிப்பேட்டையாக்கிக்கொண்டது, ஒத்தப் பைசா வாடகை இல்லாமல். பிளாட்பாரத்தில் கொய்யாப்பழம் விற்கிற கிழவிக்கும் இவனுக்கும் அதே நாலடி இடத்துக்குச் சண்டை. கம்பெனி அந்தச் சண்டையில் கண்ணுக்கே தெரியாது.

பேட்டை என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் மாட்டுவண்டியில் சரக்கேற்றிப் போனார்கள். வழியில் கொள்ளை பயம். சாதி இந்துக்கள் அவர்களைக் கோயிலுக்குள் விடாத காலம். கமுதி கோயிலுக்குள் 1897ல் நுழைந்ததற்கு வழக்கு, 1899ல் சிவகாசிக் கலவரம். அந்த நிலைமையில் விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி என்று ஊருக்கு ஊர் மதில் சூழ்ந்த பேட்டை கட்டினார்கள். வண்டி நிற்கலாம், மாடு தண்ணீர் குடிக்கலாம், ஆள் படுக்கலாம். சரக்குக்கு மகமை வசூலித்தார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் வந்தது. ஒதுக்கப்பட்ட ஒரு சாதி எழுந்து நின்ற விதம் அது. ஆனால் பேட்டை சாதியின் சொத்து. நமக்கு வேண்டியது இன்னொரு சாதிப் பேட்டை இல்லை, தெரு.

தெருவுக்காக நாம் கேட்டது பழைய கதை. பொதுச்சாலையில் யாரும் நடக்கலாம் என்று 1924ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். தொண்ணூறு வருசம் கழித்து 2015ல், தலித் சைக்கிளிலோ மோட்டார்சைக்கிளிலோ பொது இடத்தில் போவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. எழுதவேண்டி வந்ததே, அதிலிருந்தே ஊர் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லையா?

நகரத்தில் அது வேறு உடுப்பில் வருகிறது. 2024 மார்ச்சில் சொமாட்டோ கம்பெனி 'சுத்த சைவ'ச் சாப்பாட்டுக்குத் தனி ஆட்கள், தனிப் பெட்டி, பச்சைச் சட்டை என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையை வாபஸ் வாங்கினார்கள். தனி ஆட்கள் இருப்பார்கள், சிவப்புச் சட்டை எல்லோருக்கும். காரணமாகச் சொன்னதைக் கவனியுங்கள்: சிவப்புச் சட்டைக்காரனை அசைவக்காரன் என்று குடியிருப்புக்காரர்கள் வாசலில் தடுத்துவிடக் கூடாதாம். வாசலில் தடுக்கிற வழக்கம் இருப்பது கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது!

தமிழக அரசு 2023ல் இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2025ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் ஏசி போட்ட ஓய்வறை திறந்தது. நல்லது. ஆனால் வரிப்பணத்தில் நிழல், லாபம் மட்டும் கம்பெனிக்கா? அன்றைக்குச் சரக்குக்கு மகமை இருந்தது. இன்றைக்குப் பொட்டலத்துக்கு இத்தனை காசு என்று வாங்கி ஓய்விடம் கட்டச் சொல்வோம்.

இடத்தை யார் பிரிப்பது? தெரு வியாபாரிகளுக்கு 2014ல் ஒரு சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும், தலித்துகளுக்கும் இடம் தரணும் என்கிறது. அந்தக் குழுவில் டெலிவரி ஆட்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கணும். பழக்காரக் கிழவியும் அவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த நாலடியைப் பேசித் தீர்க்கட்டும்.

விருதுநகர், அருப்புக்கோட்டை நகராட்சிக் குழுக்களில் யார் இருக்கிறார்கள், நம்மாட்கள் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். எழுத வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள்.