குழந்தைகளும் இனிப்புப் பானங்களும்

(கரக்பூர் ரயில்வே காலனித் தமிழன்பர்களின் மாசி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செயலாளர் அவர்கள் என்னைப் பேசப் பணித்தபோது, இலக்கியம் பேசும் புலமை எனக்கு இல்லை என்று தெரிவித்தேன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதிவேடுகளில் எண்களை ஏற்றிக் கூட்டிப் பார்ப்பவன் நான். ஆகவே எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு பொருளையே எடுத்துக் கொண்டேன். பள்ளி வயதை எட்டாத நம் குழந்தைகள் ஒரு நாளில் எத்தனை முறை இனிப்புப் பானம் அருந்துகின்றனர் என்பதே அப்பொருள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எத்தனை முறை என்றே கேட்கிறேன். இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதைப் பின்னர் விளக்குவேன்.

சென்ற கார்த்திகை மாதத்தில் நம் காலனியைச் சேர்ந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரைந்து கறுத்து, இரவெல்லாம் வலியால் அழுதான். இரண்டு பற்களைப் பிடுங்கும்படி ஆயிற்று. அவனுடைய தாயார் என்னிடம், "அண்ணா, இவனுக்கு நான் மிட்டாய் வாங்கிக் கொடுப்பதே இல்லையே, ஏன் இப்படி ஆயிற்று?" என்று கண்கலங்கக் கேட்டார். அவர் சொன்னது உண்மை. அவருடைய இசைவைப் பெற்றே இதனை இங்கே கூறுகிறேன். பையன் யாரென்று யாரும் ஆராய வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய பெற்றோரும் நானும் சேர்ந்து அவன் அன்று அருந்தியவற்றை ஒரு தாளில் குறித்தோம். விழித்தவுடன், சர்க்கரை இரண்டு கரண்டி இட்ட மால்ட் பால். ஒன்பது மணிக்கு, அடுத்த வீட்டுத் தாத்தா தம் டவராவின் அடியில் மிச்சம் வைத்துக் கொடுத்த காப்பி. பதினொன்றுக்கு, எதிர்வீட்டு வங்காள அம்மையார் அன்போடு கரைத்துக் கொடுத்த எலுமிச்சை சர்பத். நண்பகலில் ஒரு பிறந்தநாள் வீட்டில், குழலோடு கூடிய மாம்பழப் பானப் பெட்டி. நான்கு மணிக்கு மீண்டும் மால்ட். மாலையில் விருந்தினர்க்காக உடைத்த புட்டியிலிருந்து கால் டம்ளர் கோலா. இரவில், சர்க்கரை கலந்த பால்புட்டியை வாயில் வைத்தபடியே உறக்கம். ஆக மொத்தம் ஏழு. இவற்றுள் தாயின் கையால் வந்தவை மூன்று. அவையும் சத்துக்கென்று கொடுத்தவை. ஏனைய நான்கு வீட்டாரும் ஆளுக்கு ஒரு முறைக்கு மேல் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டின் கணக்கும் சரியாகவே இருக்கிறது. கூட்டல் மட்டும் எவர் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இப்போது "எத்தனை முறை" என்பதற்கு வருகிறேன். நம் பற்களின்மேல் படியும் படலத்தில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சர்க்கரை வந்ததும் அவை அதனைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு டம்ளர் பானத்தை ஒரே மூச்சில் குடித்தால் ஒரு முறை கரைப்பு. அதையே சிப்பர் புட்டியில் ஊற்றி, கழுத்தில் மாட்டி, மூன்று மணி நேரம் சப்பிக் கொண்டே விளையாட விட்டால், மூன்று மணி நேரமும் கரைப்புதான். அளவு ஒன்றே, விளைவு ஒன்றன்று. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடுவதால், இரவுப் புட்டியே எல்லாவற்றினும் கொடியது.

ஸ்வீடன் நாட்டின் விபேஹோம் என்னும் இடத்தில், மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் 1945ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சி, 1954இல் வெளியாயிற்று. தம் இசைவைத் தெரிவிக்க இயலாத அந்த எளியோர்க்கு வேண்டுமென்றே ஒட்டும் இனிப்புகளைத் தந்து பல்லைக் கெடுத்துப் பார்த்தனர். அது அறமாகாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயினும் அதில் கண்ட முடிவு இன்றும் நிற்கிறது. உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரை பற்களை அதிகம் கெடுக்கவில்லை. உணவுகளுக்கு இடையே அடிக்கடி உண்டதே பெரிதும் கெடுத்தது. ஆகவே விருந்தின் முடிவில் பரிமாறும் பாயசத்துக்கு நான் எதிரி அல்லன். மகளிர் குழுவினர் அஞ்ச வேண்டாம்.

பல்லோடு முடிந்தால் கவலை சிறியது. நான்கைந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1300 கலோரி வேண்டும். கூட்டிச் சேர்க்கும் சர்க்கரை அதில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும், இருபதில் ஒரு பங்காகக் குறைந்தால் இன்னும் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய அறிவுரை. அதாவது எட்டுத் தேக்கரண்டி உச்சவரம்பு. நான்கு தேக்கரண்டி உத்தமம். கடைப் பானங்கள் பலவற்றில் 100 மில்லியில் 10 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை உண்டு. 200 மில்லிப் புட்டி ஒன்றிலேயே ஐந்து தேக்கரண்டி போய்விடுகிறது. வெல்லமும், தேனும், பிழிந்த பழச்சாறும் இக்கணக்கில் சர்க்கரையே. பழத்தைக் கடித்துத் தின்பது மட்டும் இதில் சேராது. நம் பிள்ளைகள் பலர் பயிலும் கேந்திரிய வித்யாலயம் போன்ற பள்ளிகளுக்கு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதம் ஓர் ஆணை அனுப்பிற்று. 4 முதல் 10 வயது வரையுள்ளோர் தம் நாளுணவின் கலோரியில் 13 சதவீதத்தைச் சர்க்கரையிலிருந்தே பெறுகின்றனர் என்று கூறி, ஒவ்வொரு பள்ளியிலும் சர்க்கரைப் பலகை ஒன்று வைக்கப் பணித்தது. பள்ளிக்குச் சென்ற பிள்ளை பலகையைப் படிக்கும். வீட்டிலிருக்கும் சிறு குழந்தைக்குப் பலகை ஏது?

திரவமாக உள்ளே செல்லும் சர்க்கரை வயிற்றை நிறைத்த உணர்வைத் தருவதில்லை. ஆனால் சோற்றின்மேல் உள்ள பசியை மட்டும் கெடுத்துவிடும். பத்து மணிக்குச் சர்பத் குடித்த குழந்தை பன்னிரண்டுக்குச் சாதத்தைத் தள்ளுகிறது. சாப்பிடவில்லையே என்று தாய் கலங்கி மாலையில் மால்ட் கரைக்கிறாள். அதனால் இரவுச் சோறும் தள்ளப்படுகிறது. மறுநாள் இன்னொரு டப்பா. அந்தப் பொடிகள் சிலவற்றில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை என்பதை டப்பாவின் முதுகில் சிற்றெழுத்தில் அவர்களே அச்சிட்டுள்ளனர். இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பில் விற்கலாகாது என்று இணைய வணிகர்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்திற்று. பிள்ளைக்குக் காப்பி ஆகாது என்று விலக்கிய நம் குடும்பங்கள், அதற்கு மாற்றாக இதனைப் பிடித்துக் கொண்டன. காப்பியை விலக்கியது சரியே. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் 2019இல், ஐந்து வயதுக்குள் தேநீரும் காப்பியும் வேண்டாம், இரண்டு வயதுக்குள் பழச்சாறும் வேண்டாம் என்றே கூறியுள்ளது.

நம் முன்னோரும் இனிப்புப் பானம் அருந்தியவர்களே. ஆனால் பானகம் ஸ்ரீராமநவமியன்று வந்தது. நாள்தோறும் வரவில்லை. இனிப்புக்குப் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் இருந்தது. இன்றோ பத்து ரூபாய் கையில் இருந்தால் எந்நாளும் அந்நாளே. நம் ரயில் நிலையத்தையே பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அரை லிட்டர் ரயில் நீர் ஒன்பது ரூபாய். சிறிய பானப் பெட்டி பத்து ரூபாய். கோரமண்டலில் ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்யும்போது, அழும் குழந்தைக்கு எதை வாங்குவோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே நாளில் வரியும் மாறிற்று. நுரைக்கும் பானத்துக்கு 40 சதவீதம். நுரைக்காத பழப் பானத்துக்கு 12இலிருந்து 5ஆகக் குறைப்பு. வரித்துறைக்கு வேறுபாடு தெரியலாம், பல்லுக்குத் தெரியாது.

கோடை வருவதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சியால்தாவிலிருந்து ரயில் செல்லும் வனகாவ் எல்லையூரில், 1971இல் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் அவர்கள் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. அந்நீரில் சர்க்கரை சுவைக்காக இல்லை. உப்பையும் நீரையும் குடலிலிருந்து உடலுக்குள் இழுத்துச் செல்லவே உள்ளது. இன்றைய அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அதன் பெயரைத் தாங்கி, அதனினும் பல மடங்கு சர்க்கரையோடு, பழச்சுவைப் பெட்டிகள் மருந்துக் கடைகளிலேயே விற்று வந்தன. பேதியால் வாடும் குழந்தைக்கு அவ்வளவு சர்க்கரை சென்றால், குடல் இன்னும் நீரை வெளியேற்றிப் பேதியை மிகுதிப்படுத்தும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் அவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 2025 அக்டோபரில் அப்பெயரைப் பானங்களுக்கு இடுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. பெயர் மாறிய பின்னும் பெட்டி அதே அலமாரியில் இருக்கக்கூடும். பொட்டலத்தில் வரும் உப்புப் பொடியையே கேட்டு வாங்கி, அதில் குறித்துள்ள அளவு நீரில் கரையுங்கள்.

இனி, இப்பேச்சுக்குக் காரணமான செய்தி. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆரஞ்சுப் பானத்தை நிறுத்த வேண்டும் என்று செயற்குழுவில் நான் முன்மொழிந்தேன். "ஆண்டுக்கு ஒரு நாள் மகிழ்ச்சியையும் கெடுக்க வேண்டுமா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. அது உண்மையிலேயே ஆண்டுக்கு ஒரு நாளாக இருந்தால் நானே டம்ளர் ஏந்தி ஊற்றுவேன். அச்சிறுவனுக்கோ அது அன்றைய எட்டாவது கோப்பையாக இருக்கும். விவாதத்துக்குப் பின், இவ்வாண்டு நீர்மோர் கொடுத்துப் பார்ப்பது என்று ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானமாயிற்று. பிள்ளைகள் முகம் சுளித்தால் மறு ஆண்டு ஆரஞ்சு திரும்பி வரும் என்றும் குறிப்பில் எழுதியுள்ளனர். பிறர் வீட்டுக் குழந்தைக்கு எதையும் குடிக்கக் கொடுக்குமுன் தாயிடம் ஒரு வார்த்தை கேட்பது என்ற மற்றொரு தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறிற்று. அதை முன்மொழிந்தவர் அந்த அடுத்த வீட்டுத் தாத்தாவேதான்.

பட்டியலில் 90 குழந்தைகள். ஆளுக்கு 150 மில்லி வீதம் இரண்டு டம்ளர் என்றால் 27 லிட்டர் மோர். இதற்கு 7 லிட்டர் தயிர் வேண்டும். கடையில் தோய் என்று கேட்டால் இனிப்புத் தயிரையே எடுத்துக் கொடுக்கும் ஊர் இது. ஆதலால் வீட்டில் உறையூற்றிய தயிரே தேவை. வீட்டுக்கு ஒரு லிட்டராக நான்கு வீட்டார் ஒப்புக் கொண்டனர். இன்னும் மூன்று வீடுகள் வேண்டும். இஞ்சியும் கறிவேப்பிலையும் என் பொறுப்பு. பெயர் எழுதுவதற்கான நோட்டுப் புத்தகம் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. பென்சிலும் கட்டி வைத்திருக்கிறேன்.