எதிலே மூணு சதவீதம்?
(கணபதியில் ஆற்றிய உரை)

ஓட்டு வாங்கியவன் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

பட்டியல் சாதியாருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று தமிழ்நாடு 2009இல் சட்டம் இயற்றியது. உள் ஒதுக்கீடு செல்லும்னு 2024 ஆகஸ்ட் 1இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சொல்லிட்டாங்க. பின்னால் நின்றவனுக்கு வந்த பங்கு இது. இதை வச்சுப் பறையர், பள்ளர், அருந்ததியரை மோதவிடப் பார்ப்பாங்க, இடம் கொடுக்காதீங்க. 18ஐ முழுசா நிரப்பச் சொல்லி மூணு பேரும் சேர்ந்துதான் கேட்கணும்.

ஆனா எதிலே 3 சதவீதம்? கல்வியிலும் அரசு வேலையிலும். துப்புரவை காண்டிராக்டில் விட்டால் அங்கே ஒதுக்கீடும் இல்லை, அரசு ஓய்வூதியமும் இல்லை. விளக்குமாறு மட்டும் நம்ம கையில.

பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். செத்தால் 30 லட்சம் தரணும்னு 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஏனுங்க, செத்தாத்தான் நமக்கு விலையா?

சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் பெயரை இன்னைக்கே கொடுங்க. தாலுகா ஆபீசுக்கு நானும் வர்றேன். பணி நிரந்தரம் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடுங்க. மாமன்றத்தில் அதை வாசிப்பது என் பொறுப்பு. வாசிக்கலைன்னா என்னைக் கேளுங்க.